இலை பார்த்துக் கடை சொன்ன விசில் அக்கா

“மதுரையில பொம்பளையாளு கௌரவமா உக்காந்து சாப்பிட ஒரு கடை இருக்கா? இருந்தா காட்டு தாயி, நானும் பாக்குறேன்” என்றார் அப்பா.

இருக்காது என்பது அவர் முடிவு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. சந்தேகமே இல்லாமல் இருந்தவள் விசில் அக்கா ஒருத்திதான். மதுரையில் அவள் பின்பக்கம் பார்க்காத சாப்பாட்டுக் கடை கிடையாது. முன்பக்கம் பார்த்த கடைகள்தான் குறைவு.

விசில் அக்கா, நான் கணக்கு டீச்சராக இருக்கும் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகியிருப்பாள். காலில் கான்வாஸ் ஷூ, கழுத்தில் சங்கிலிக்குப் பதிலாகக் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். அதை அவள் கழற்றி நான் பார்த்ததில்லை. மீனாட்சி கோயிலுக்கும் அதோடுதான் வருவாள். கேட்டால், “அம்புட்டுக் கூட்டத்துல நான் வந்திருக்கிறது ஆத்தாளுக்கு எப்படித் தெரியும்?” என்பாள்.

நான் திருவாதவூர்க்காரி. உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பெண். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். முதல் பெண் என்று சொல்லவில்லை, முதல் ஆள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

அப்போது யுத்த காலம். தல்லாகுளத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து டீச்சர்கள் சிலர் ஒன்றாகத் தங்கியிருந்தோம். ஐப்பசி மழையில் சமையற்கட்டின் கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. சமையற்காரம்மா, “கூரையப் போட்டுட்டுச் சொல்லி விடுங்க” என்று ஊருக்குக் கிளம்பினார். வீட்டுக்காரர், யுத்தம் முடியட்டும், ஓடு வாங்கிவிடலாம் என்றார். மற்ற டீச்சர்கள் ஆளுக்கொரு சொந்தக்காரர் வீட்டைத் தேடிக்கொண்டு போனார்கள். சொந்தக்காரர் இல்லாமல் மிஞ்சியது நானும் விசில் அக்காவும். காலையில் பொரிகடலை. மத்தியானமும் பொரிகடலை. இரவில் ஒரு மாறுதலுக்காக அவல்.

ஒருநாள் கணக்கு வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டே நான் மயங்கி விழுந்தேன். எனக்கு மயக்கம் தெளியுமுன் சேதி திருவாதவூர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒத்தக்கடை வரை மாட்டுவண்டி, அங்கிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் என்று அப்பா வந்து இறங்கினார். முகத்தில் பாதி பஸ்ஸின் கரி, பாதி கோபம்.

“சோறு கெடைக்காத ஊர்ல ஒனக்கு என்ன உத்தியோகம்? நம்ம குதிருல நெல்லு கெடக்கு. பொட்டியக் கட்டு.”

“கடையில சாப்பிட்டுக்கிறேம்ப்பா.”

அதற்குத்தான் முதலில் சொன்னதைச் சொன்னார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார்.

“அடுத்த வாரம் சந்தைக்கு வாரேன். கடையக் காட்டுனீன்னா நான் மட்டும் திரும்பிப் போறேன். இல்லன்னா ரெண்டு பேருமாப் போறோம்.”

அவர் தலை மறைந்ததும் என் கண் நிறைந்துவிட்டது. ஒரு வாரத்தில் என் வேலை போகப் போகிறது, அதுவும் ஒரு வேளைச் சோற்றுக்காக. விசில் அக்கா ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

“ஏ வாதவூரு, அழுகுற நேரமா இது? எந்திரி. கடை பாக்கப் போறோம்.”

கடை பார்ப்பதற்கு அவளுக்கென்று ஒரு முறை உண்டு. வாசலில் எவ்வளவு நெய் மணத்தாலும் நிற்க மாட்டாள். நேரே பின்சந்துக்குப் போவாள். அங்கே சாப்பிட்டுப் போட்ட எச்சில் இலைகள் குவிந்து கிடக்கும். மாடு ஒன்று நிற்கும். மாட்டை விலக்கிவிட்டு, கையோடு கொண்டுபோகும் குடையின் நுனியால் ஒவ்வொரு இலையாகப் புரட்டுவாள்.

“பாத்தியா? எல்லா இலையிலயும் வெஞ்சனம் அப்படியே கெடக்கு. பொரியல் ஊசிப்போச்சு. சோறு வெள்ளையாக் கெடக்கு, அப்ப சாம்பாரு தண்ணி. அப்பளம் ஒண்ணுதான் மிச்சமில்ல. அப்பளத்துக்காக யாரு கடைக்கு வாரது? நட.”

மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் இப்படிப் புரட்டிக்கொண்டிருந்தபோது, வழியில் போன பெரியவர் ஒருவர் இரக்கப்பட்டு நின்றார்.

“என்னம்மா தேடுறீக? மூக்குத்தியா?”

“இல்லங்கய்யா. ரசம்.”

அந்தப் பெரியவர் அதன் பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்த வேகத்தை எங்கள் டிரில் வகுப்பில்கூட நான் பார்த்ததில்லை.

இலை தேறிய கடைகளும் இருந்தன. அவற்றில் ஒரு ஹோட்டலில் இரண்டு அறைகள். எந்த அறையில் எந்தச் சாதிக்காரர் உட்காரலாம் என்று வாசலில் பலகை தொங்கியது. பெண்களைப் பற்றிப் பலகையில் ஒரு வார்த்தையும் இல்லை. நான் தயங்கினேன். அக்கா பலகையை இரண்டு தரம் படித்தாள்.

“நம்ம பேரு எதுலயும் இல்ல. அப்ப எங்க வேணாலும் உக்காரலாம்.”

போய் நடுவில் உட்கார்ந்தாள். பரிமாறுகிறவர்கள் எங்களைத் தூண் என்று நினைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் போனார்கள். அக்கா பொறுத்துப் பார்த்தாள். பொறுமை தீர்ந்ததும் விசிலை எடுத்து வாயில் வைத்தாள்.

அந்த நாளில் விசில் ஊதினால் குண்டு போட ஆகாய விமானம் வருகிறது என்று அர்த்தம். ஒரு வக்கீல் மேஜைக்கு அடியில் போனார். ஒருவர் இலையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார்; சாம்பார் அவர் காதுவழியே இறங்கியது. முதலாளி ஓடிவந்து விஷயம் புரிந்ததும், தானே வாளியைத் தூக்கிப் பரிமாறினார். சாப்பாடு பிரமாதம். நாங்கள் எழுந்து வரும்போது கையெடுத்துக் கும்பிட்டார்.

“தாயே, சாப்பாடு நல்லாருக்குன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லிராதீக.”

கலெக்டர் கச்சேரி குமாஸ்தாக்கள் சாப்பிடும் இன்னொரு கடையில், பெண்களுக்குத் தனி அறை உண்டு என்று மரியாதையாகத் திரையை விலக்கிக் காட்டினார்கள். உள்ளே மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பலகை. இரண்டு பேரும் தும்மினோம். ஒரு கவளம், ஒரு தும்மல் என்று முறை வைத்துச் சாப்பிட்டோம். வெளியே இருந்து ஒருவர், “உள்ள யாரு, பாவம், சளி புடிச்சவுகளா?” என்று கேட்டது காதில் விழுந்தது.

சந்தைக்கு முந்தைய நாள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்திருந்த வைகை மணலில் இறங்கித் தல்லாகுளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நடு ஆற்றில் அக்கா பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் ஓய்ந்துபோய் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

“அக்கா, போதும். நான் ஊருக்கே போறேன்.”

“ஒனக்கு முந்தி ஒருத்தி இருந்தா” என்றாள், மணலைப் பார்த்துக்கொண்டு. “தையல் டீச்சரு. இதே மாதிரிதான், சாப்பாட்டுக்கு வழியில்லாமப் போச்சு. அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் பாத்துக்கிட்டே நின்னேன். ஒன்னையும் வண்டியேத்தி விட்டுட்டுக் கைய வீசிக்கிட்டு நிக்க என்னால ஆகாது.”

உடனே எழுந்து சேலையிலிருந்த மணலை என் மேல் தட்டினாள்.

கோரிப்பாளையம் பக்கம் ஒரு சந்தில் நுழைந்தோம். கொதிக்கும் சாறும் வெங்காயமும் மணத்தன. அக்கா வழக்கம்போலப் பின்பக்கம் போனாள். போனவள் திகைத்து நின்றாள். ஒரு இலைகூட இல்லை. மாடு மட்டும் ஏமாந்த முகத்தோடு நின்றது.

“ஏ புள்ள, இலையே இல்ல. இதை எப்படிப் பாக்குறது?”

வேறு வழியில்லாமல் முன்பக்கம் வந்தோம். பர்மாவில் குண்டு விழுந்ததும் உயிர் பிழைத்துக் காடு வழியாக நடந்தே வந்த குடும்பம் ஒன்றின் கடை அது. பின்னால் நாங்கள் ரங்கூன் அண்ணன் என்று கூப்பிட்ட கடைக்காரர் காய் நறுக்கினார், அவர் மனைவி அடுப்படியில் நின்றார். நீளமான பெஞ்சுகள். பெஞ்சுகளில், நம்ப முடியவில்லை, பெண்கள்! பர்மாவிலிருந்து வந்த பெண்கள், குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்து, பீங்கான் கோப்பைகளிலிருந்து எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

“பொம்பளைக உக்காரலாமா மதினி?” என்று நான் கேட்டேன்.

“இதென்ன தாயி கேள்வி? அங்க தெருவுக்குத் தெரு கடை போடுறதே பொம்பளைகதான். உக்காருங்க.”

விலை கேட்டோம். டீச்சர் சம்பளத்துக்கு மாதக் கடைசியிலும் தாங்கும் விலை. ஆனாலும் அக்காவுக்குத் திருப்தி வரவில்லை. பரீட்சை வைக்காமல் எப்படிப் பாஸ் போடுவாள்? சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு எதிரே போய் உட்கார்ந்து, அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அவர் நகர்ந்தார். இவளும் நகர்ந்தாள்.

“ஏங்க்கா, நான் ஒங்களை எதுவும் செஞ்சிட்டேனா?”

“பேசாமச் சாப்பிடுங்கண்ணே. இன்னைக்கு எங்களுக்கு நீங்கதான் இலை.”

அவர் கோப்பையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்தார். பயத்தில் குடித்தாரோ ருசியில் குடித்தாரோ, அக்கா முகம் மலர்ந்தது. கோப்பை கழுவும் அண்டாவில் வெந்நீர் கொதிக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு, “பாஸ்” என்றாள்.

மறுநாள் அப்பாவை அங்கே கூட்டிப் போனோம். பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். துண்டை உதறிப் பெஞ்சில் போட்டு உட்கார்ந்தார். மதினி மூன்று பேருக்கும் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தார்.

“அடுத்தவன் வாய் வச்ச ஏனத்துல நான் சாப்பிடவா?”

அக்கா குடைக்குள்ளிருந்து ஒரு தலைவாழை இலையை உருவினாள். எதிர்பார்த்தே வந்திருக்கிறாள்! இலையை விரித்தோம். கோழிச் சாற்றில் மிதந்த நீளமான மாவு இழைகளை மதினி இலையில் ஊற்றினார். இழைகள் நின்றன. சாறு நிற்குமா? அப்பாவின் வேட்டியைப் பார்த்து ஓடியது.

“பிடி, பிடி!” என்று அக்கா கத்தினாள். நான் ஒரு ஓரத்தைத் தூக்கினேன். அவள் எதிரே இரு ஓரங்களையும் தூக்கிப் பிடித்தாள். இலை தோணியாயிற்று. அரைக் குனிவில் அசையாமல் நின்றாள். பிள்ளைகளுக்கு அவள் கற்றுக்கொடுக்கும் நிலைகளில் அதுதான் கஷ்டமானது.

“இடியாப்பத்தைக் குழம்புல போட்டு ஏன் பாழாக்குனீக?” என்றார் அப்பா. “தேங்காப்பால் இல்லையா?”

“அதுலயே கெடக்கு அண்ணே” என்றார் மதினி.

“அப்பச் சரி. சீனி?”

சீனிக்கு ரேஷன். அப்பா யோசித்தார். மடியிலிருந்து கருப்பட்டியை எடுத்து, ஒரு துண்டை உடைத்துக் கோழிச் சாற்றில் கரைத்தார். ரங்கூன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். நான் இலையின் ஓரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பிறகு இன்னொரு வாய். பிறகு தலை நிமிரவே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன்பக்கமாக மடித்தார். எங்கள் பக்கத்தில் மனம் நிறைந்தால்தான் அப்படி மடிப்பார்கள். துக்க வீட்டில் எதிர்ப்பக்கம்.

“இருந்துக்க தாயி” என்றார்.

நான் அழுதேனா என்று இங்கே சொல்லப் போவதில்லை. அப்பாவின் பார்வை அக்காவிடம் போயிற்று. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் கோப்பை தொடாமலே ஆறி, மேலே ஏடு கட்டியிருந்தது.

“ஆத்தா, எம்மகளுக்கு நீ கடை பாத்துக் குடுத்துட்ட. ஒனக்கு யாரு பாத்துக் குடுக்குறா?”

விசில் அக்கா கழுத்துக் கயிற்றில் விசிலை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பா மீதிக் கருப்பட்டியை அவள் கோப்பையில் போட்டார். அவள் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், அடிவரைக்கும் சாப்பிட்டாள்.

“நல்லாருக்காக்கா?” என்று காதோடு கேட்டேன்.

“கண்றாவியா இருக்கு. பேசாத.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாறு சூடு என்றாள். அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் வாக்குத் தவறாமல் ஓடு வாங்கிப் போட்டார். ஆனாலும் மத்தியானம் நாங்கள் ரங்கூன் கடைக்குத்தான் போகிறோம். எனக்குச் சென்னையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விசில் அக்கா வடக்கே திண்டுக்கல்லைக்கூடத் தாண்டியதில்லை, கடலைப் பார்த்ததில்லை.

தலைமையாசிரியையிடம் பேசி அவளுக்கு ஒரு வாரம் லீவு வாங்கிவிட்டேன். எழும்பூருக்கு இரண்டு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை.