அத்தையைச் சுற்றி இரண்டு முழம்

அன்புள்ள மேதா அத்தங்காவுக்கு,

தன்மயி அநேக நமஸ்காரம். இங்கு அனைவரும் சௌக்கியம், சனிக்கிழமை காலை வரைக்கும். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதே. முக்கியமாக உன் அம்மாவிடம்.

ஃபிசிக்ஸ் பரீட்சையில், ஒரு சார்ஜைச் சுற்றியிருக்கும் எலெக்ட்ரிக் ஃபீல்டை அன்றாட வாழ்க்கை உதாரணத்தோடு விளக்கு என்று ஒரு கேள்வி. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பெல் அடிக்கப் போகிறார்கள், கை தானாக அத்தையை, அதாவது உன் அம்மாவை, எழுதிவிட்டது. அத்தை குளித்துவிட்டு, யாரும் தொடக்கூடாத மடிப்புடவை கட்டிக்கொண்டு சமையலறையில் நின்றால் அவளைச் சுற்றி இரண்டு முழத்துக்கு ஃபீல்டு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, நெருங்க நெருங்கத் தள்ளுவது கூடும், "தள்ளிப் போடி, மேல பட்டுடப் போறே" என்றதும் தொடாமலேயே நான் ஹாலில் போய் விழுவேன், வீட்டில் வேறு யாருமே இல்லாவிட்டாலும் அந்த ஃபீல்டு அங்கே இருந்துகொண்டுதான் இருக்கும் என்று எழுதி, நடுவில் ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் அம்புகள் வரைந்து, வட்டத்துக்குள் கமலம்மாள் என்று பெயரும் எழுதிவிட்டேன்.

கெம்பையன் சார் முழு மார்க் போட்டு, "தும்ப சென்னாகிதெ", ரொம்ப நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில் மெச்சி, சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங்கில் எல்லோருக்கும் படித்துக் காட்டப் போகிறாராம். அப்பா டூரில், அம்மாவுக்கு ஆபீஸில் ஆடிட். மீட்டிங்குக்கு வரப்போவது அத்தை. "நம்மாத்துப் பொண்ணை நாலு பேர் மெச்சறதைக் கேக்கணும்" என்று பட்டுப்புடவை கூட எடுத்து வைத்துவிட்டாள்.

எனக்கு ஃபீல்டு நன்றாகப் புரிந்துவிட்டது என்கிறார் சார். எனக்குப் புரியவேயில்லை, அத்தங்கா. ஒரே வகை சார்ஜ் தள்ளும், எதிர் வகை இழுக்கும். காலையில் தள்ளுகிற அத்தை சாயங்காலம் என்னை இழுத்து உட்கார வைத்துத் தலை பின்னிவிடுகிறாள். புடவை மாற்றினால் சார்ஜ் மாறுமா? மாறுவது அவளா, நானா? காலேஜில் இதையே பாடம் நடத்துகிறாய், உன் அம்மாவை நீதான் எனக்கு விளக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ஸ்ரீகர் அண்ணா நாளைக் காலை ரயிலில் பெங்களூர் வருகிறான், இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உனக்கு ஜுரம் என்று சொல்லி அத்தையை அங்கே வரவழைத்துவிடு. அத்திம்பேருக்கு நமஸ்காரம், குட்டிக்கு முத்தம். பெருமாள் உனக்குச் சனிக்கிழமை ஒருநாள் மட்டும் ஜுரம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தன்மயி

பின்குறிப்பு: கதவு தட்டுகிறது. அத்தைதான். "தன்மயி, முழிச்சிண்டுதானே இருக்கே? உங்க சார் அந்தப் பேப்பரை பேரண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருக்காராம், உங்கப்பா எனக்கு அனுப்பினான். வாசிச்சேன். திறடி. இப்போ நான் மடியில்லே, கிட்ட வந்தாத் தள்ளாது."

ஜுரம் வேண்டாம், அத்தங்கா. இது தள்ளுகிற குரலா இழுக்கிற குரலா என்று மட்டும்