அடுத்த வீட்டு அடுப்படியை ஒதுங்கவைப்பவர்

தன் அடுப்படியைத் தானே ஒதுங்கவைக்கிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. நல்ல மனிதர்கள், நன்றாக இருக்கட்டும். நான் சொல்லவந்தது அடுத்தவர் அடுப்படியை ஒதுங்கவைக்கிற இனத்தைப் பற்றி. அடுப்பு எரிகிற எல்லா ஊரிலும் இந்த இனம் உண்டு. ஆனாலும் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் வரிசை வீடுகளான லயங்களில் வளர்ந்த மாதிரி அது வேறெங்கும் வளர்ந்திருக்காது. காரணம் வேறொன்றும் இல்லை, இடம் இல்லாததுதான்.

லயத்து அடுப்படியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பாயை விரித்தால் மூன்று பக்கமும் சுவர் இடிக்கும். அதற்குள் அடுப்பு, அம்மி, தண்ணீர் வாளி, ஈர விறகு, அதைவிட ஈரமான கம்பளி, பழைய கொழுந்துக் கூடை, கூடைக்குள் அடைகாக்கிற கோழி எல்லாம் இருக்க, நடுவில் குந்தியிருக்கிற மனுஷி எழுந்திருக்காமலே கையை நீட்டி உப்பு, மிளகாய், புளி என்று இருட்டில்கூட எடுத்துச் சமைத்துவிடுவாள். பார்க்கிற கண்ணுக்குக் குப்பை. அவள் கைக்கு எல்லாம் அடையாளம்.

அந்தக் குப்பையைக் கண்டால்தான் நம் இனத்தாருக்குக் கை ஊறும். மற்றவர்கள் வீட்டுக்கு வந்தால் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இவர்கள் உங்கள் தலைக்கு மேலே இருக்கிற பலகையைப் பார்ப்பார்கள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள். தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார்கள்; குடித்த டம்ளரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே வருவார்கள். வந்தால் போச்சு. “இது எதுக்கு இங்க?” என்று முதல் கேள்வி. நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அது அங்கே போயிருக்கும்.

எங்கள் லயத்தில் இந்தப் பதவியில் இருந்தவள் அம்மாக்கண்ணு. நாடு சுதந்திரம் வாங்கி ஒரு பத்து வருஷம் இருக்கும், அப்போதைய பேச்சு இது. அவள் வீட்டுப் பால் டின்கள் எல்லாம் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நிற்கிற ஆட்கள் மாதிரி உயரப்படி வரிசையாக நிற்கும். கங்காணி இல்லாத குறைதான். “ஆறு மாசம் கை படாத சாமான் வீட்டுக்கு ஆகாது” என்பது அவள் சட்டம்.

மாயாண்டி வீட்டை அவள் ஒதுங்கவைத்துக் கொடுத்த மறுநாள், மாயாண்டி உப்புப் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மலைக்குப் போனான். அதற்கு மறுநாள் சீனி போட்ட ரசம். மூன்றாம் நாள் அவன் பெண்சாதி அம்மாக்கண்ணுவின் வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, எங்க வீட்டு மஞ்சத்தூள் எங்க இருக்கு?”

“மேல் பலகையில மூணாவது டின்னு. கண்ணு தெரியலயா ஒனக்கு?”

தன் வீட்டில் உட்கார்ந்தபடியே அடுத்த வீட்டு மஞ்சள் இருக்கிற இடத்தைச் சொல்வது சின்னப் பெருமையா?

இனி வீரய்யா வீட்டுக்கு வாருங்கள். வீரய்யாவின் அப்பாவும் அம்மாக்கண்ணுவின் அப்பாவும் அக்கா தங்கச்சி பிள்ளைகள். ஆகவே அவனுக்கு இவள் அக்கா. அவன் பெண்சாதி நாகலெட்சுமிக்கு மதினி. முறை ஒன்றானாலும் குலசாமி வேறு வேறு. வீரய்யாவின் சாமி முனியாண்டி. பிள்ளையின் முதல் முடி அவருக்குத்தான். மகனுக்கு மூன்று வயதாகியும் மொட்டை போடாததால் தலை குருவிக்கூடு மாதிரி ஆகிவிட்டது. சாமியோ புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறார். அதனால் வீரய்யா பயணத்துக்குக் கையெழுத்து வாங்க வேண்டிய இடங்களில் எல்லாம் நாலைந்து தடவை நடந்து, கப்பலேறிப் போய், கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்துக் கலயத்தில் போட்டு, மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக் கொண்டுவந்தான். அந்தப் பிடிமண்ணைப் போட்டுக் கல் நட்டால் சாமி இங்கேயே இருந்துவிடுவார். பீலிக்கு மேலே, தண்ணீர் விழுகிற இடத்தில் மரத்தடி பார்த்தாயிற்று. மாசியில் நடுவதாகப் பேச்சு.

அதுவரை சாமி எங்கே இருப்பார்? லயத்து ஒற்றை அறையான காம்பராவில் ஆள் படுக்கவே இடமில்லை. அடுப்புக்கு மேலே உறியில் தொங்கவிட்டார்கள். மூன்று மாதப் புகையில் மஞ்சள் துணி கரித்துணியாகிவிட்டது.

மாசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மாக்கண்ணு கால்வலி என்று வேலைக்குப் போகவில்லை. “சாதிசனம் வர்ற நேரம், அடுப்படிய ஒதுங்கவச்சுக் குடுத்துடுறேன், சாவியக் குடுத்துட்டுப் போ” என்றாள். மதினி கேட்டால் இல்லையென்று சொல்ல முடியுமா?

சாயந்தரம் கூடையை இறக்கிவிட்டு உள்ளே போன நாகலெட்சுமி அடுப்புக்கு மேலே பார்த்தாள்.

“மதினி, இங்க ஒரு கலயம் தொங்குச்சே?”

“அந்தக் கரிக்கலயமா? கழுவிக் கவுத்து வச்சிருக்கேன் பாரு. என்னா அழுக்கு.”

“உள்ள இருந்தது?”

“மண்ணுதான் இருந்துச்சு. பாத்திரம் வெளக்கச் சாம்பல் இருக்கயில மண்ணு வேற எதுக்குங்கிறேன்? நல்ல செம்மண்ணு, கொட்டிப் போட மனசு வரல. என் போஞ்சிப் பாத்தியில தூவி விட்டுட்டேன்.”

நாகலெட்சுமி கவிழ்த்திருந்த கலயத்தை நிமிர்த்தி உள்ளே பார்த்தாள். “அது எங்க முனியாண்டி, மதினி.”

சேதி கேட்டு வந்த வீரய்யா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மாக்கண்ணுவின் வாசலுக்குப் போய், போஞ்சி அவரைக் கொடியின் முன்னால் கைகூப்பி நின்றான். அரை லயம் அவன் பின்னால் நின்றது. சிரிக்கவும் பயம், சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

“மேலாக்கத்தான் தூவினேன். அள்ளிக் குடுத்துடுறேன்” என்று அம்மாக்கண்ணு குனிந்தாள்.

“அள்ளு ஆத்தா” என்றார் பூசாரி பழனியாண்டி. “எது சாமி, எது ஒன் மாட்டெருன்னு பிரிச்சு அள்ளு. எருவையும் சேத்து அள்ளிட்டு, பெறகு ஏதாச்சும் ஆனா என்னையக் கேக்கக் கூடாது.”

நாலு லயத்து டின்களையும் பிரித்து அடுக்கிய கை நடுவழியில் நின்றது. மெல்ல மடிக்குத் திரும்பியது.

“மறுபடி போயி எடுத்துட்டு வரலாம்னா, இப்ப கடல் தாண்டிப் போனவங்கள இந்த நாட்டுக்குள்ள திரும்ப விடுறாங்களோ என்னமோ” என்றான் வீரய்யா. “பிள்ள முடிய என்னா செய்யிறது பூசாரி?” அவன் குரல் உடைந்ததும் லயத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

பூசாரி பாத்தியை ஒருமுறை சுற்றிவந்தார். “எதுக்குப் போகணும்? பீலிக்கு மேல ஒக்கார வைப்பம்னு நெனச்சது நாம. அவரு போஞ்சிக்குள்ள எறங்கிட்டாரு. எறங்குன எடந்தான் எடம். கொடியப் பிடுங்கிட்டுக் கல்லு நடுங்க.”

“என் வாசல்லயா?” என்றாள் அம்மாக்கண்ணு.

“கூட்டியாந்து ஒக்கார வச்சது நீதான ஆத்தா.”

மாசியில் மூன்று கல் நின்றது. பிள்ளையின் முடி அம்மாக்கண்ணுவின் படிக்கட்டில்தான் விழுந்தது. அதோடு விட்டதா? முனியாண்டி துடியான சாமி என்று தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்குவரை பேச்சுப் போய்விட்டது. தூரத்துப் பட்டிப்பொலயிலிருந்துகூட ஆள் வந்தது. வந்தவர்கள் சும்மா போவார்களா? சேவல் இறகு, நசுங்கிய எலுமிச்சங்காய், பாதி எரிந்த சுருட்டு, வெறும் சாராய போத்தல், தேங்காய்ச் சிரட்டை, கோணலாகச் சாய்ந்த சூலம் என்று வாசல் முழுக்க இறைந்து கிடக்கும். ஒருநாள் அவள் விளக்குமாற்றோடு வெளியே வந்தாள். நாகலெட்சுமி தன் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சாமி சாமான் மதினி” என்றாள், பாகு மாதிரிக் குரலில். “கெடக்கட்டும்.”

அம்மாக்கண்ணு விளக்குமாற்றை உள்ளே கொண்டுபோனாள்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் யாராவது ஒருத்தர் நினைவுக்கு வந்து சிரித்திருப்பீர்கள். மாமியாரோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டுக்காரியோ. சிரியுங்கள். ஆனால் போன வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது, கழுவி வைத்திருந்த அகப்பையை “இங்க இருந்தா கைக்கு வாகா இருக்கும்” என்று எடுத்து வேறோர் இடத்தில் வைத்தீர்களே, அது எந்த இடம்? ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பாவம், அவள் இன்னும் டம்ளரால்தான் குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.