கல்லுக்கு ஏது லீவு?

மும்பையில் இத்தனை ஜனம் இருந்தும் கல்லிடம் சுகம் விசாரிக்கிறவர் எங்கள் சோடா அண்ணாச்சி ஒருவர்தான். ஐரோலியில் பாறைகளைச் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவர் மூத்த விஞ்ஞானி. அவர் எழுதும் அறிக்கைகளின் ஆங்கிலத்தைச் சரிபார்ப்பது என் வேலை. பிறந்து வளர்ந்தது தாராவி என்றாலும் அண்ணாச்சியின் பேச்சு அசல் திருநெல்வேலி.

சோடா என்ற பெயர் ரயிலில் வந்தது. தானேவில் வண்டி மாறி உட்கார்ந்ததும், பக்கத்தில் யார் இருந்தாலும் பாடம் ஆரம்பமாகிவிடும்.

"ஆலைப் புகையில இருக்க கரியமில வாயுவப் பிடிச்சு, தண்ணியில கலந்து பூமிக்குள்ள அனுப்புதோம். வேற என்ன, சோடாதான். சோடா குடிச்சா நமக்கு ஏப்பம் வரும். பூமிக்கு வந்திரக் கூடாதுல்லா? அதான் நம்ம சோலி."

கேட்பவர் மராட்டிக்காரர் என்றால் இதே பாடம் இந்தியில் நடக்கும். ஏப்பத்தை மட்டும் மொழிபெயர்க்க மாட்டார், விட்டே காட்டுவார்.

எண்ணெய் எடுத்துக் காலியான மணற்பாறை அவர் கணக்கில் சோம்பேறி. வாயுவை வாங்கி வைத்துக்கொண்டு யுகக்கணக்கில் யோசிக்கும். மும்பைக்கு அடியில் கிடக்கும் கருங்கல் சுறுசுறுப்பு. புளித்த சோடா நீர் அதை அரிக்க, சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் கரைந்து வரும். வாயு அவற்றோடு சேர்ந்து கல்லின் பொத்தல்களில் வெள்ளைக் கல்லாகப் படிந்துவிடும். "ஊர் சுத்துன பய கல்யாணம் முடிஞ்சு வீட்டோட அடங்குன மாதிரி," என்பார்.

ஒருமுறை வடாலாவில் உறவினர் வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனவர், சட்டைப் பையிலிருந்து எலுமிச்சைத் துண்டை எடுத்துப் புதுப் பளிங்குத் தரையில் பிழிந்தார். லேசாக நுரைத்தது. "பாத்தியளா, கல்லுக்குள்ள அடஞ்சு கெடந்த வாயு வெளிய வருது," என்று பூரித்தார். நுரை போனது, கறை போகவில்லை. அந்த வீட்டிலிருந்து அதன்பின் அழைப்பும் வரவில்லை.

ஓய்வு பெறும் வருடத்தில் அவருக்கு ஒரே ஆசை. எஃகுக் கலத்துக்குள் கருங்கல் துண்டையும் சோடா நீரையும் அடைத்து, மாதக்கணக்காகச் சூட்டில் வைத்திருந்தார். வேலையில் இருக்கும்போதே அதைத் திறந்து அந்த வெள்ளையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். டிசம்பரில் திறப்பதாக ஏற்பாடு. அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் மேனேஜர் மேடம் மாட்டுங்காவின் பழைய தமிழ்க் குடும்பத்துக்காரர், பூஜை புனஸ்காரத்தில் கறார். தராசு முதல் கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றையும் நிறுத்திப் பொட்டு வைத்துவிடுவார்.

"சார், அந்தக் கலத்தையும் ஒரு நாள் நிறுத்திடுங்கோ. பூஜையன்னிக்குக் கருவி ஓடப்படாது."

"கருவிக்கு லீவு குடுங்க மேடம். உள்ள கல்லு சோலியா இருக்கு. கல்லுக்கு ஏது லீவு?"

மேடம் சம்மதித்தார். அண்ணாச்சி பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார். அவர் போனபின் மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. எல்லாம் பொட்டோடு இருக்க, ஒன்று மட்டும் வெறும் நெற்றியோடு நிற்கலாமா? பயபக்தியோடு ஹீட்டரை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை கலம் மங்களகரமாகவும் ஜில்லென்றும் இருந்தது.

அண்ணாச்சி கத்தவில்லை. கலத்தின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஹீட்டரை மறுபடி போட்டார். மேடம்தான் அழுதுவிடுவார் போலிருந்தது.

"ஒரு நாள்தானே சார். ரிப்போர்ட்ல போட வேண்டாம். சொன்னபடி டிசம்பர்லயே திறந்துடலாம். நீங்க பார்க்கணும்."

"சூடு ஆறினா படிஞ்சது கொஞ்சம் திரும்பக் கரைஞ்சிருக்கும் மேடம். அவசரப்பட்டுத் தொறந்தா கல்லு சொல்லுதது எது, நாம சொல்லுதது எதுன்னு தெரியாது. இன்னும் அஞ்சாறு மாசம் கெடக்கட்டும். ஆறினதையும் எழுதிருங்க."

"அப்போ நீங்க இருக்க மாட்டேளே."

"கல்லு இருக்கும்லா."

டிசம்பரில் அண்ணாச்சிக்கு மாலை போட்டு அனுப்பிவைத்தோம். கலம் மூடியே இருந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் திறந்தோம். கருங்கல்லின் பொத்தல்களில் உப்பு சிதறியதுபோல் வெள்ளை. சோதனை முடிந்த ஒரு துண்டை மேடமே பஞ்சில் பொதிந்து கொடுத்தார். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் மகள் வீட்டில் இருந்த அண்ணாச்சியிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஒரு நாள் ஆறிப்போனத எழுதுனீரா வேய்?"

"மேடமே எழுதிட்டாங்க அண்ணாச்சி. ஆயுத பூஜைக்காகன்னு காரணத்தோட."

அதன்பிறகுதான் இரண்டு கையாலும் வாங்கினார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேய், இங்க வந்து பாரும்," என்றார். போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்குக் கல்லைப் பார்க்கத் தோன்றவில்லை. பிரியமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.