நாலு நாள் அழுத மூஞ்சி

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். மென்பொருளைச் சோதிக்கிற வேலை. நாலு பேர் நல்லா இருக்கிறது என்று சொன்ன ஒன்றை எடுத்து, அது எங்கே உடையும் என்று பார்க்க வேண்டும். அந்தப் புத்தியைச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கழற்றி ஆணியில் மாட்ட முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது. எங்கள் வீட்டு மாடி அறைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் மிஞ்சியிருக்கும்.

கம்பெனி பெங்களூரில். நான் போடியில், அந்த மாடி அறையில். ஒன்றரை வருடமாக அப்படித்தான். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், நேரில் பார்த்ததில்லை. நேரில் பார்க்காத மனிதரை அவர் அனுப்பும் செய்தியை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அதற்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன்.

‘ஓகே’ என்றால் பிரச்சினை இல்லை.
‘ஓகே’ போட்டு முற்றுப்புள்ளி வைத்தால் கோபம்.
கட்டைவிரல் படம் வந்தால் பெரிய கோபம்.
ஏதோ எழுதுவதாகக் காட்டிவிட்டு ஒன்றுமே வராவிட்டால் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

(எனக்கு வந்ததில் முக்கால்வாசி இரண்டாவது வகை.)

இந்த நிலையில்தான் கம்பெனி எங்கள் மனநலத்தைக் காப்பாற்றப் புறப்பட்டது. தினமும் காலை ஒன்பது மணிக்குத் திரையில் ஐந்து மூஞ்சிகள் வரும். ஒன்றாம் நம்பர் அழுகை, ஐந்தாம் நம்பர் முழுப் பல் சிரிப்பு. இன்றைக்கு எப்படி இருக்கிறோமோ அதை அமுக்க வேண்டும். அதே வாரத்தில் இன்னொரு அறிவிப்பும் வந்தது: வீட்டிலிருந்தே வேலையைத் தொடரலாமா, பெங்களூருக்குத் திரும்ப வேண்டுமா என்பதை ஒவ்வொருவருக்கும் மாதக் கடைசியில் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சிரிக்காதவர்களுக்குப் பெங்களூர்.

பெங்களூரில் நான் இருந்தது நாலு பேருக்கு ஒரு ஜன்னல் உள்ள அறை. அங்கே திரும்பிப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. மூன்று வாரம் விடாமல் ஐந்தை அமுக்கினேன். பிறகு அடுத்த சந்தேகம் வந்தது. இப்படிச் சிரிக்கிறவளை யார் நம்புவார்கள்? அதற்கும் அடுத்தது: இதை யாராவது பார்க்கிறார்களா?

சோதித்துவிடலாம் என்று தினமும் அழுகை மூஞ்சியை அமுக்கி நோட்டில் எழுதினேன். திங்கள் ஒன்று. செவ்வாய் ஒன்று. புதன் ஒன்று. வியாழன் ஒன்று. நாலு நாளும் ஒரு போன் வரவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘நான் அழுதாலும் சிரித்தாலும் கேட்க ஆளில்லை.’ நிம்மதியாக வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டேன்.

லீவை அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் லீவு என்பது பரண் சுத்தம் பண்ணுவது, அதிரசத்துக்கு மாவு இடிப்பது, மாப்பிள்ளை போட்டோ பார்ப்பது. என்னோடு படித்த கலைக்குக் குரங்கணிக்கு மேலே சின்ன ஏலத்தோட்டம் இருக்கிறது. ஒரு பகல் அங்கே சும்மா கிடக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

“நாள் முழுக்க ட்ரெய்னிங். யாரும் கதவத் தட்டாதீங்க” என்று அம்மாவிடம் சொல்லி, அறைக்கதவை உள்ளே தாழிட்டேன். மேனேஜர் நடத்திய பழைய கூட்டம் ஒன்றின் பதிவை லேப்டாப்பில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மொட்டைமாடிக் கதவு வழியாக வெளிப்படிக்கட்டில் இறங்கி ஜீப்பு ஏறினேன். குரங்கணி தாண்டியதும் சிக்னல் போனது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

கீழே நடந்ததைப் பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

மூஞ்சிகளை யாரும் பார்க்காமல் இல்லை. வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலையில் பார்ப்பார்களாம். பார்த்தால் ஒருத்தி நாலு நாள் அழுதிருக்கிறாள், ஐந்தாம் நாள் லீவு, போனும் கிடைக்கவில்லை. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது பாண்டி மாமா. அம்மாவின் தம்பி, போடி ஜீப்பு ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறார். அம்மா பதறுவாள், மாமா நிதானமானவர் என்று யோசித்து எழுதிய பெயர்.

ஆபீஸிலிருந்து ஒரு பெண் பேசியிருக்கிறாள். “சார், பவித்ரா மனசு சரியில்லாம இருக்காங்கன்னு நினைக்கிறோம். தயவுசெஞ்சு அவங்களைத் தனியா விடாதீங்க.”

நிதானமான என் மாமா ஏற்றியிருந்த லோடை நடுரோட்டில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“அவ மீட்டிங்ல இருக்காடா” என்றாள் அம்மா. “கேளு, அந்த ஆளு பேசிட்டுத்தான இருக்காரு.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “நான் பேசறது எல்லாருக்கும் கேக்குதுங்களா?”

“இது எத்தனாவது தடவக்கா?”

“காலையிலருந்து அஞ்சாறு தடவ கேட்டுட்டாரு. பாவம், ஒருத்தரும் பதில் சொல்லல. நான்தான் கீழருந்தே கேக்குது தம்பின்னு சொன்னேன்.”

மாமா தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் பிய்ந்தது. உள்ளே ஆள் இல்லை. பேசிக்கொண்டிருந்த லேப்டாப், அதன் பக்கத்தில் திறந்த நோட்டு. கடைசி வரியை மாமா சத்தமாகப் படித்திருக்கிறார். அம்மா செருப்பைத் தேடி ஓடினாள்.

எங்கள் ஊரில் ஜீப்பு டிரைவர்களுக்கு இன்டர்நெட் தேவையில்லை. எதிரே வருகிற வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரை மணி நேரத்தில் ஒரு டிரைவர் தகவல் கொடுத்தார்: “அண்ணே, பாப்பா காலைல என் வண்டியிலதான் குரங்கணிக்கு மேல வந்துச்சு. ஒரு வார்த்த பேசல. வெளியவே பாத்துக்கிட்டு வந்துச்சு.”

(ஓர சீட்டு கிடைத்தவள் வேறு எங்கே பார்ப்பாள்?)

நான் அப்போது ஏலச்செடிகளுக்கு நடுவே சாக்கு விரித்துப் படுத்திருந்தேன். செடியடியில் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி கலையிடம், “கம்ப்யூட்டர் சோலி பாக்குறவுக எல்லாம் இப்படித்தான் தூங்குவாகளா?” என்று கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது ஆறு ஜீப்பு நின்றது.

அம்மா ஒற்றைச் செருப்போடு சரிவில் இறங்கி வந்தாள். அடி விழும் என்று நினைத்தேன். அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடித்திருக்கலாம்.

திரும்பும் வழியில் சிக்னல் கிடைக்கிற வளைவில் எல்லா வண்டியும் நின்றது. மாமா ஆபீஸைக் கூப்பிட்டார். வீடியோவில் மேனேஜர் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“சார், புள்ள நாலு நாளா அழுதிருக்கு, நீங்க அஞ்சாம் நாள் போன் பண்றீங்க” என்றார் மாமா. “எங்க ஸ்டாண்டுல டயர் பஞ்சரானாக்கூட அஞ்சு நிமிசத்துல கேப்போம்.”

“தப்புதாங்க அண்ணா.”

அம்மா எட்டிப் பார்த்தாள். “இந்தக் குரல்தான். காலையிலருந்து கேக்குதா கேக்குதான்னு தொண்டத்தண்ணி வத்தக் கேட்டீங்களே தம்பி.”

“நான் இன்னைக்கு மீட்டிங்கே போடலீங்களே அம்மா.”

ஆறு டிரைவர்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எனக்குப் பதற்றம் வந்தால் வரிசை எண்தான் வரும். “ஒன்னு, நான் அழல, சோதிச்சுப் பாத்தேன். ரெண்டு, அது பழைய மீட்டிங் ரெக்கார்டிங். மூணு, நீங்க ஓகேக்குப் பக்கத்துல புள்ளி வச்சா கோபம்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.” மூன்றாவதை யாருமே சொல்லச் சொல்லவில்லை.

“புள்ளியாங்க?” என்றார் மேனேஜர். “எல்லாத்துக்கும்தானே வைப்பேன். எங்க டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

பெங்களூர் அறையின் அந்த ஒற்றை ஜன்னல் என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

ஜீப்பு கிளம்பியது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்திருந்தாள். அதைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். “நாலு நாளும் சும்மாத்தான் அமுக்குனியா?”

“ஆமா.”

“நாலு நாளுமா?”

இதற்கு என்னிடம் பட்டியல் இல்லை. “வியாழக்கெழம மட்டும் இல்ல” என்றேன்.

மாமா கண்ணாடியில் பார்த்தார். அதன்பிறகு போடி வரும்வரை ஹாரன்கூட அடிக்கவில்லை.

மாதக் கடைசியில் முடிவு வந்தது: போடியிலேயே இருக்கலாம். காரணம் எழுதும் இடத்தில் மேனேஜர் ‘வீட்டில் நல்ல ஆதரவு, ஆறு ஜீப்பு’ என்று போட்டிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் இப்போது அவரே போன் செய்து பேசுகிறார். எழுதும்போது புள்ளி வைப்பதை விட்டுவிட்டார். அதன் காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தாழ்ப்பாளை யாரும் மாற்றவில்லை. மாற்றுவதாகவும் தெரியவில்லை. ஜீப்பு ஸ்டாண்டில் இப்போது எல்லாமே நம்பர்தான். வண்டி வளைவில் நின்றுபோனால், “ஒன்னாம் நம்பர்ல நிக்குது, வெரசா வாண்ணே” என்கிறார்கள். கல்யாண வீட்டில் முறுக்கிக்கொண்டிருக்கும் சம்பந்தி இரண்டாம் நம்பர்.

தினமும் காலையில் மாமா எங்கள் வீட்டைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கி, “இன்னைக்கு எத்தன?” என்று கத்துவார். நான் வாயைத் திறப்பதற்குள் கீழே அடுப்படியிலிருந்து அம்மா சொல்லிவிடுவாள். “மூணு, தம்பி.”

நான் அப்போதுதான் மாடியில் மூன்றை அமுக்கியிருப்பேன். அம்மா என் முகத்தைக்கூட அன்றைக்குப் பார்த்திருக்க மாட்டாள். எப்படித் தெரிகிறது என்று ஒரு நோட்டு போட்டுச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒருநாள்கூடத் தப்பவில்லை. சந்தேகமாகத்தான் இருக்கிறது.