கால் மில்லியும் விடாதவர்

மிச்சம் வைக்காதவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரியபாளையம் கோயிலில் வேண்டுதலுக்காக நீங்கள் தேங்காயை ஓங்கினால் பிடுங்கித் தானே உடைத்துவிடுவார்; பந்தியில் உங்கள் இலைக்கும் சேர்த்துத் தண்ணீர் தெளித்துவிடுவார்; நீங்கள் ஆரம்பித்த பேச்சை முடித்தும் வைப்பார், அதுவும் நீங்கள் நினைக்காத இடத்தில். கெட்டவரா? ஐயோ, தங்கமான மனுஷர். அதுதான் தொல்லையே.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், ஒரு சின்னக் கம்பெனியில் டிரில்லிங் மெஷின் ஓட்டும் சடையப்பன் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி. இரும்பில் துளை போடுவது அவர் வேலை. அந்தத் துளைக்குள் ரீமர் என்ற வெட்டுக் கருவியை இறக்கி, உள்சுவரை மெல்லச் சீவி, வழவழப்பாக்கிச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது அடுத்த மெஷினில் நிற்கும் ஷைனியின் வேலை. இருபது மில்லிமீட்டர் துளை வேண்டுமென்றால், டிரில் கால் மில்லி குறைவாகப் போட வேண்டும். அந்தக் கால் மில்லிதான் ரீமருக்குச் சோறு.

சடையப்பனுக்கு மனசு கேட்குமா? பாவம், மீஞ்சூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வருகிற பெண், அவளுக்கு எதற்குச் சிரமம் என்று, மயிரிழை மட்டும் விட்டுவைத்துத் துளைத்துத் தள்ளுவார். சீவ எதுவும் கிடைக்காத ரீமர் சும்மா உராய்ந்து கிறீச்சிடும். டிரில் போட்ட கோடுகள் உள்ளே அப்படியே நிற்கும். போதாததற்கு, டிரில்லின் வேகத்தில் பாதியே போதுமான ரீமருக்கு, அவள் மெஷினில் தன் டிரில்லின் வேகத்தையே வைத்துவிட்டும் போவார். எல்லாம் ஒத்தாசைதான்.

"அண்ணா, கால் மில்லி உட்டு வையேன். ரீமர் வெட்டவே மாட்டேங்குது."

"முக்காவாசி நானே முடிச்சிக் குடுக்கறேன், நீ இன்னாமா பேஜார் பண்ணிக்கினு! சும்மா உள்ள உட்டு எடு."

சோதனைக்காகச் செய்து காட்டும் சாம்பிள் பாஸானால்தான் ஷைனியின் கான்ட்ராக்ட் வேலை நிரந்தரமாகும்; இல்லாவிட்டால் மாசக் கடைசியோடு வீடு. முதல் சாம்பிள் கோடு கோடாகத் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் தணிகைவேல் இருவரையும் கூப்பிட்டார்.

"இன்னாம்மா ஷைனி இது?"

ஷைனி வாயைத் திறந்தாள்.

"புதுசு சார், பயப்படுது. நான்தான் சொல்லிக் குடுத்துக்கினு இருக்கேனே" என்றார் சடையப்பன், பாசத்தோடு.

ஷைனிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை நீட்டியதும் அவரேதான். அவள் அதை வாங்கவில்லை.

"சார், ஒரே ஒரு பீஸு. டிரில்லும் நானே போடறேன். அண்ணா கிட்டயே வரக் கூடாது."

தணிகைவேல் தலையாட்டினார். சடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அடடா, அந்த மனுஷர் பட்ட பாடு! விரல்கள் துடித்தன, உதடு தானாக "மெதுவா... மெதுவா..." என்றது. ஷைனி கால் மில்லி விட்டுத் துளைத்தாள், வேகத்தைப் பாதியாக்கினாள், ஆயிலை ஊற்றினாள். ரீமர் சத்தமே இல்லாமல் இறங்கிச் சுருள் சுருளாகச் சீவல் தள்ளியது. தணிகைவேல் இருமுனைக் கேஜை எடுத்துத் துளையில் விட்டு அளவு பார்த்தார். நுழைய வேண்டிய முனை நுழைந்தது, நுழையக் கூடாத முனை வாசலிலேயே நின்றது.

"பா..." என்றார் அவர்.

"பாஸு!" என்று முடித்தார் சடையப்பன். "நான் அப்பவே சொன்னேனே சார், ரீமருக்குக் கால் மில்லி உடணும்னு!"

வேலை நிரந்தரமான அன்று ஷைனி ஒரு டப்பா லட்டு வாங்கிவந்தாள். அவள் நூலைப் பிரிப்பதற்குள் சடையப்பன் அதை வாங்கி, கேட் வாட்ச்மேன்வரை போய் எல்லோருக்கும் கொடுத்து, வாழ்த்துகளையும் வாங்கிக்கொண்டு வந்தார். காலி டப்பாவை மட்டும் பத்திரமாக அவள் கையில் கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இப்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கேள்வி: இதைப் படித்துச் சிரிக்கிற இவர் எப்படி, உங்களுக்கு ஏதாவது மிச்சம் வைப்பாரா?

இருங்கள், கேள்வி அவருக்கு. நீங்கள் ஏன் வாயைத் திறக்கிறீர்கள்?