காப்பி வண்டலில் ஊறிய ராஜ உத்தரவு

அரைகுறையாகச் செய்து மாட்டிக்கொண்டவர்கள் ஊரில் ஏராளம். அளவுக்கு மீறி நன்றாகச் செய்து மாட்டிக்கொண்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுக்கு (அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு ‘நாடு’) வாத்தியாராகப் போயிருந்தேன். திருவிழா நாடகத்தில், ராஜா தன் மலைக் குடிகள் காட்டில் விறகும் தேனும் எடுத்துக்கொள்ள உத்தரவு எழுதித் தரும் காட்சி. கையில் ஏதோ ஒரு காகிதம் இருந்தால் போதும். ஆனால் நான் கலைஞனாயிற்றே! (யாரும் சொல்லவில்லை; நானே முடிவு செய்தது.) பள்ளிக்கூடத்துச் சர்க்கார் தாளில் வளைத்து வளைத்து எழுதி, காப்பி வண்டலில் ஊறவைத்து, அடுப்புப் புகையில் உலர்த்தி, ஓரத்தை விளக்கில் கருக்கி, சாம்பல் பூசினேன். ராஜா வேஷம் போட்ட மிளகு விவசாயி பெரியண்ணன் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வசனம் பேசினார்.

நாடகம் முடிந்ததும் தாளைக் காணோம். பிறகு அதை நான் பார்த்தது காட்டிலாகா ரேஞ்சர் கையில். விறகு வெட்டியதற்காகப் பெரியண்ணனின் கொடுவாளைப் பிடுங்கியவர், பெரியண்ணன் பதிலுக்கு நீட்டிய ‘உத்தரவை’ எடுத்துக்கொண்டு அவரோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். மரியாதைக்குத் தொப்பியைக்கூடக் கழற்றியிருந்தார்.

“எந்தக் காலத்துது வாத்தியாரே? முந்நூறு வருஷம் இருக்குமா?”

உண்மையைச் சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். எனக்கோ பெருமை தாங்கவில்லை. “நானூறுகூட இருக்கும் சார்” என்றேன். (அறிவுகெட்ட ஜன்மம்!)

ரேஞ்சர் தாளைப் பக்குவமாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சர்க்கார் தாளுக்குள்ளேயே இருக்குமே, லண்டன் ராஜாவின் கிரீட முத்திரை, அது நட்டநடுவில் பளிச்சென்று தெரிந்தது. சோறு போடும் வேலை கண்ணெதிரே மலையிறங்கிக்கொண்டிருந்தது.

“இது என்னய்யா?” என்று என்னைப் பார்த்து உறுமினார்.

பெரியண்ணன் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, அப்பவே உங்க ராசாவும் ஒத்துக்கிட்டு முத்திரை போட்டிருக்காருங்களே! கொடுவாளக் குடுக்க இன்னும் என்னங்க ரோசனை?”

மேலிடத்துக்கு எழுதினால், காப்பி வண்டலுக்குத் தொப்பி கழற்றிய கதையையும் எழுத வேண்டும். ரேஞ்சர் கொடுவாளைக் கொடுத்துவிட்டு, தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த மாதமே எனக்கு மாற்றல் வந்தது. காரணம் போடவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு இதை மனைவியிடம் சொன்னது என் அடுத்த முட்டாள்தனம். இன்றைக்கும் நான் தலைவலி என்று படுத்தால் போதும், மகள் வயிற்றுப் பேரன்களை அழைத்து, “அப்புச்சியத் தூக்கி ஜன்னல்ல புடிச்சுப் பாருங்க கண்ணு, உள்ள என்ன முத்திரை இருக்குன்னு” என்கிறாள்.