சும்மா, வீட்டில் கிடந்ததுதான்

வந்தவர்கள் எதையாவது பார்த்து "அட, நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும், தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைத் தாழ்த்தி, "சும்மா, வீட்ல கெடந்ததை வெச்சுச் செஞ்சேன்" என்று சொல்லும் ஓர் இனம் இந்தப் பூமியில் உண்டு. எல்லா ஊரிலும் உண்டு, தெருவுக்கு ஒன்றாவது உண்டு. இவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் ஒரு மாதம் இருந்து பார்த்தவர்கள் மட்டும் அப்படி நினைப்பதில்லை.

அந்த இனத்தின் கலப்படமில்லாத ரகத்தைப் பார்க்க வேண்டுமா? அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கும் லிண்டால் லேக் என்ற ஊருக்கு வாருங்கள். பெயர் மார்லிஸ் எங்கல்ஸ்டாட். வயது ஐம்பத்தெட்டு. ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர் வேலை. அது வயிற்றுக்கு. உயிருக்கு, ஹாலோவீன் என்னும் பேய்த் திருவிழா அன்று சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைக்கும் அலங்காரம்.

அம்மையார் சொல்லும் "வீட்டில் கிடந்தது" என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். ஜூலையிலேயே ஏரிக்கரையில் பொறுக்கி, காருக்கு இடமில்லாமல் கராஜ் முழுக்கப் பரப்பிக் காயவைத்துக் கறுப்புச் சாயம் அடித்த கிளைகள். அறுபது மைல் தள்ளி ஒரு பண்ணையில் தானே போய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த, உடம்பெல்லாம் மருவுள்ள குட்டிப் பூசணிகள். உள்ளே இருக்கும் பூச்சி சாகட்டும் என்று கேக் வேகும் சூட்டில் சுட்டெடுத்து, பிறகு ஆந்தையாக மாற்றப்பட்ட பைன் காய்கள். கடையில் புத்தம் புதிதாக வாங்கி, மூன்று நாள் தேநீரில் ஊறவைத்துப் பழசாக்கிய வலைத்துணி. வீட்டில் பழைய துணியே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது சரியான பழசு இல்லை.

இதற்கெல்லாம் மேலே ஆப்பிள் தலைகள். தோலுரித்த ஆப்பிளில் கண்ணும் மூக்கும் செதுக்கி, எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, அடுப்புக்கு மேலே மூன்று வாரம் கட்டித் தொங்கவிட்டால் சுருங்கிச் சுருங்கிச் சூனியக்காரி முகமாகிவிடும். எந்த முகம் எப்படிச் சுருங்கும் என்பது மட்டும் யார் கையிலும் இல்லை. இந்த வருஷம் ஆறு தலைகளில் ஒன்று அச்சு அசலாக ஆர்லனுடைய அக்காவின் முகமாக வந்து நின்றது. ஆர்லன் என்பவர் மார்லிஸின் கணவர். காலையில் காப்பி போட வந்தவர், பாதித் தூக்கத்தில் அந்தத் தலைக்கு வணக்கம் சொல்லிவிட்டார்.

ஆர்லனுக்கு இரும்புச் சாமான் கடையில் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். அக்டோபர் முழுவதும் சாப்பாட்டு மேஜை பட்டறையாகிவிடுவதால், முப்பத்தோரு வருஷமாக அந்த மாதத்தில் மனிதர் பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். சூடான பசை கக்கும் குளூ கன் சுட்ட மனைவியின் விரலுக்கு மருந்து தடவுவதும் அவர் பொறுப்புதான். எல்லாவற்றையும்விடக் கடினமானது, கேள்விக்குப் பதில் சொல்வது.

"ஆர்லன், இந்தக் கிளை கொஞ்சம் அதிகமா இருக்கோ?"

ஆமாம் என்றால் மூன்று நாள் பேச்சுவார்த்தை கிடையாது. இல்லை என்றால் இன்னும் இரண்டு கிளை வரும். ஆர்லன் யோசித்தார்.

"எனக்கு என்ன தெரியும் மார்லிஸ்?"

"அதான் நானும் பார்த்தேன். இன்னும் ரெண்டு வேணும்."

இந்த வருஷ வேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மினியாபொலிஸில் வேலை பார்க்கும் மகள் பிரிட்டா, தன்னோடு வசிக்கும் டெஸ்மண்ட் என்ற பையனை முதல்முறையாக அழைத்துக்கொண்டு ஹாலோவீன் சாப்பாட்டுக்கு வருகிறாள். இரண்டு வருஷமாக அக்டோபரில் அவள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கடைசியாக வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டதாகக் கண் கலங்கச் சொன்னாள். "அந்தப் பைன் காய்ல கைய வெக்காதே, பசை காயலை" என்று அம்மாவிடமிருந்து பதில் வந்தது.

புதன்கிழமை அவள் அப்பாவைக் கடையில் தொலைபேசியில் பிடித்தாள்.

"அப்பா, எனக்கும் டெஸ்மண்டுக்கும் நிச்சயமாயிடுச்சு. மோதிரம் போட்டிருக்கேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏம்மா?"

"அவளே பார்க்கணும். ஊர்ல மத்த அம்மாவெல்லாம் வாசப்படியிலயே பார்த்துடுவாங்க. அன்னிக்கு ஆறு மணிக்குள்ள இவ பார்க்கலைன்னா நாங்க கிளம்பிப் போயிடுவோம். கல்யாணப் பத்திரிகை தபால்ல வரும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று ஆர்லன் காதைத் தீட்டிக் கேட்டுப் பார்த்தார். இல்லை.

ஹாலோவீனும் வந்தது. ஆறு மணியிலிருந்து தெருப்பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு மிட்டாய்க்கு வந்துவிடுவார்கள் என்பதால், அந்த ஊரில் அன்றைக்கு ஐந்து மணிக்கே சாப்பாடு. வாசலில் மார்லிஸ் மகளை முழங்கையால்தான் அணைத்தாள். விரலெல்லாம் பசை. கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் இருவரையும் நேரே மேஜைக்கு இழுத்துப் போனாள்.

மேஜையில் இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு காடு நின்றது. சூப் கிண்ணங்களுக்கு விளிம்போரம் நான்கு விரல் இடம். மார்லிஸ் ஒரு பக்கம், நேர் எதிரே மகள், நடுவே ஆறு சூனியக்காரிகள்.

"ரொம்பப் பிரமாதமா இருக்குங்க" என்றான் டெஸ்மண்ட்.

"சும்மா, வீட்ல கெடந்ததுதான்" என்று தலையைச் சாய்த்தாள் மார்லிஸ்.

கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் லிண்டால் லேக்கில் இருந்ததில்லை. விருந்து கொடுப்பவர் செய்து வைத்ததை ஓர் அங்குலம் நகர்த்துவது அங்கே திருட்டுக்கு அடுத்த குற்றம். காட்டுக்குப் பின்னால் யார் இருந்தாலும் கழுத்தை வளைத்துத்தான் பேச வேண்டும். அந்த ஊர்க்காரர்களுக்கு நவம்பரில் கழுத்து வலி வருவதற்குக் குளிரின் மேல் பழி போட்டுவிடுகிறார்கள்.

பிரிட்டா மோதிரக் கையைக் கிளைகளுக்கு நடுவே நீட்டினாள்.

"அம்மா, அந்த உப்பைக் கொஞ்சம் குடேன்."

"பார்த்து, கிளையில ஒட்டின பாசி கையில ஒட்டிக்கும்" என்று பாசியையே பார்த்தபடி உப்பை வைத்தாள் மார்லிஸ். கை வந்த வழியே திரும்பிப் போயிற்று.

ஆர்லனுக்கு சூப் இறங்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபத்தைந்து. மெல்ல ஒரு குட்டிப் பூசணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இன்னொன்று. மூன்றாவதை உருவும்போது மார்லிஸ் திரும்பினாள்.

"மடியில என்ன?"

"நாப்கின்."

ஐந்து நாற்பதுக்குப் பிரிட்டா நேராகவே கேட்டுவிட்டாள். "அம்மா, என்கிட்ட ஏதாவது மாற்றம் தெரியுதா உனக்கு?"

"இங்கேருந்து உன் நெத்திதான் தெரியுதும்மா. நெத்தி நல்லா இருக்கு."

"நாங்க உங்ககிட்ட ஒரு விஷயம்..." என்று டெஸ்மண்ட் ஆரம்பித்தான்.

"உங்களுக்கு வலது பக்கம் ஒரு ஆந்தை இருக்கே, பார்த்தீங்களா? வெறும் பைன் காய்தான் அது. இறக்கைக்கு மட்டும் நாலு நாளாச்சு."

ஆறுக்கு எட்டு நிமிடம். பிரிட்டா நாப்கினை நான்காக மடித்து, கிண்ணத்தின் அருகில் வைத்து, அதன் மேல் ஸ்பூனை வைத்தாள். சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்தே எதையும் முடித்துக்கொள்ளத் தீர்மானித்துவிட்டால் அவள் அப்படித்தான் மடிப்பாள் என்பது ஆர்லனுக்குத் தெரியும்.

எழுந்தார். மடியிலிருந்த பூசணிகள் தரையில் உருண்டன. இரண்டு கையாலும் காட்டை அடியோடு தூக்கி, நடையில் நடந்து, குளியலறைத் தொட்டிக்குள் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு சூனியக்காரி வழியில் விழுந்தாள். அக்காவாகத்தான் இருக்கும். அவர் குனியவில்லை.

"மார்லிஸ், நீ செஞ்சது ரொம்ப அழகா இருக்கு. நம்ம பொண்ணு அதைவிட அழகா இருக்கா. பாரு."

மார்லிஸ் வாய் திறக்கப் போனவள், பார்த்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். இளைத்திருக்கிறாள். மேஜை மேல் கை. கையில் மோதிரம்.

நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"எப்போ?"

"மூணு வாரமாச்சும்மா."

"மூணு வாரமா" என்று மார்லிஸ் திரும்பச் சொன்னாள். "நான் இங்கே ஆப்பிளைக் காயவெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்." மகளின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பிரிட்டாவும் அழுதாள். ஆர்லன் ஆறிப்போன சூப்பை ருசித்துச் சாப்பிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மார்லிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது கடையில வாங்கினது இல்லையே."

டெஸ்மண்ட் தலையைக் கொஞ்சம் சாய்த்தான். கண்ணைத் தாழ்த்தினான். அந்தச் சாய்வைப் பார்த்ததும் ஆர்லனுக்குப் பகீரென்றது.

"பெரிசா ஒண்ணும் இல்லைங்க. ஒரு பழைய வெள்ளி ஸ்பூன் இருந்துது."

"ஒரு ஸ்பூன் இல்லம்மா, பதினொண்ணு" என்றாள் பிரிட்டா. "பத்து பாழாச்சு. இப்போ நாங்க தயிரை முள்கரண்டியால சாப்பிடறோம். மேஜை முழுக்கச் சுத்தியலும் அரமும். நாலு மாசமா சோபாலதான் சாப்பாடு."

மார்லிஸ் காதில் அது விழவே இல்லை. அவள் டெஸ்மண்டுக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாறியிருந்தாள். "பற்றவெச்ச இடம் தெரியவே இல்லையே, எப்படித் தேய்ச்சீங்க?" என்று கேட்டாள். அவனும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

வாசல் மணி அடித்தது. அவர்கள் இருவரும் அசையவில்லை. அப்பாவும் மகளும்தான் மிட்டாய்க் கிண்ணத்தோடு போய், இரண்டு பேய்க்கும் ஒரு தீயணைப்பு வீரருக்கும் கொடுத்து அனுப்பினார்கள்.

"தெரிஞ்சேதான் இவனைப் பிடிச்சியா?" என்றார் ஆர்லன்.

"சத்தியமா தெரியாதுப்பா. நான் அவன் முகத்தைத்தான் பார்த்தேன்."

"நானும் அப்படித்தான்."

"உள்ளே போய்ப் பாருங்க, ரெண்டு பேரும் ஆப்பிள் தலையைப் பார்க்கக் குளியலறைக்குப் போயிட்டாங்க. இனிமே எங்கே கிளம்பறது?"

இத்தனையும் படித்துவிட்டு, நல்லவேளை, நாம் பைன் காயைக் கையால்கூடத் தொட்டதில்லை என்று நிம்மதியாகச் சாய்ந்துகொள்கிறீர்கள் இல்லையா? சாயுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. நேற்று உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்? உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்வது ஆட்டத்தில் சேராது.